ஹெச்டி டிவிடியும் ப்ளூ-ரேயும்: இரண்டையும் இன்றுவரை வைத்திருப்பவனின் மதிப்பீடு

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கீழே உள்ள அலமாரியில் 2007 நவம்பரிலிருந்து இரண்டு கருவிகள் அருகருகே இருக்கின்றன. ஒன்று தோஷிபாவின் ஹெச்டி-ஏ3 என்னும் ஹெச்டி டிவிடி பிளேயர். மற்றொன்று சோனியின் பிளேஸ்டேஷன் 3 என்னும் விளையாட்டுக் கருவி. டிவிடிக்கு அடுத்ததாக, உயர்தெளிவுப் படங்களைத் தர வந்த இரண்டு போட்டி வட்டு வடிவங்கள்தான் ஹெச்டி டிவிடியும் ப்ளூ-ரேயும். வீட்டில் விளையாடுபவர்கள் யாரும் இல்லாத காலத்தில், ப்ளூ-ரே வட்டுகளைப் பார்ப்பதற்காகவே வாங்கியது அது. அப்போது நியூ ஜெர்சிக்குக் குடிவந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. முதல் முறையாகப் பெரிய திரை கொண்ட தட்டைத் தொலைக்காட்சி வாங்கியிருந்தோம். எந்த வட்டு நிலைக்கும் என்று கடைக்காரர்களுக்கே தெரியாத அந்த மாதங்களில், ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பாதிப் படங்களை இழப்பதைவிட இரண்டையும் வாங்கிவிடலாம் என்று துணிந்தேன். மூன்று மாதங்களில் ஒன்றின் கதை முடிந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பிளேயரைத் தூக்கிப் போட மனம் வரவில்லை; இன்றும் அது இணைப்பில்தான் இருக்கிறது.

அந்தப் போட்டியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் எந்த நிறுவனம் வென்றது, எது எவ்வளவு இழந்தது என்ற வணிகக் கதையாகவே எழுதுகிறார்கள். பணம் கொடுத்து வாங்கியவன் கைக்கு என்ன வந்தது என்பது அதில் விடுபட்டுப் போகிறது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டுக்கு வந்த முதல் நாளிலேயே முழுமையாக இருந்தது ஹெச்டி டிவிடிதான், ப்ளூ-ரே அரைகுறை விதிமுறையோடு சந்தைக்கு வந்து, வாங்கியவர்களின் செலவில்தான் நிறைவு பெற்றது. ஆனால் வட்டு என்ற பொருளை மட்டும் எடுத்துக்கொண்டால் ப்ளூ-ரே மேலானது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த ஒரு காரணமே மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகிவிட்டது.

வட்டிலிருந்தே தொடங்குகிறேன். இரண்டுமே டிவிடியைப் போல 12 சென்டிமீட்டர் விட்டம் கொண்டவை. இரண்டையும் படிப்பது 405 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட ஒரே நீல ஊதா லேசர்தான். வேறுபாடு அந்த லேசரைக் குவிக்கும் லென்ஸில் இருக்கிறது. லென்ஸின் குவிக்கும் திறனைக் குறிக்கும் எண் டிவிடிக்கு 0.60, ஹெச்டி டிவிடிக்கு 0.65, ப்ளூ-ரேக்கு 0.85. அலைநீளத்தை இந்த எண்ணால் வகுத்தால் வட்டின் மேல் விழும் ஒளிப்புள்ளியின் அளவு ஏறத்தாழப் பிடிபட்டுவிடும். டிவிடியின் சிவப்பு லேசருக்கு 650 நானோமீட்டர் என்பதால் அது 1083 ஆகிறது. ஹெச்டி டிவிடிக்கு 623, ப்ளூ-ரேக்கு 476. புள்ளி சிறுத்தால் நீளத்திலும் அகலத்திலும் இடம் மிச்சமாகும் என்பதால், இந்த விகிதங்களின் வர்க்கத்தை டிவிடியின் 4.7 ஜிகாபைட்டோடு பெருக்கிப் பார்த்தேன். ஹெச்டி டிவிடிக்கு 14 சொச்சமும் ப்ளூ-ரேக்கு 24 சொச்சமும் வருகின்றன. அட்டையில் அச்சிடப்பட்டிருக்கும் கொள்ளளவோ 15, 25 ஜிகாபைட். இரண்டு அடுக்கு வட்டுகளில் அவை 30, 50 ஆகின்றன. பல ஆண்டுகள் நீண்ட சண்டையின் கணிதம் முழுவதும் ஒரு லென்ஸின் எண்ணுக்குள் அடங்கியிருந்தது என்பதைத் தாளில் போட்டுப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் தீரவில்லை.

அந்த 0.85 சும்மா கிடைத்துவிடவில்லை. லென்ஸ் அவ்வளவு கூர்மையாகக் குவிக்கும்போது வட்டு இம்மியளவு சாய்ந்தாலும் படிப்பு பிசகும். அதைத் தாங்க வேண்டுமானால் தரவு அடுக்குக்கும் வட்டின் மேற்பரப்புக்கும் இடையிலான ஒளிபுகும் படலம் மிக மெல்லியதாக இருக்க வேண்டும். டிவிடியிலும் ஹெச்டி டிவிடியிலும் தரவு 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில், இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே பாதுகாப்பாகப் புதைந்திருக்கிறது. ப்ளூ-ரேயில் அது மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டருக்குக் கீழேயே இருக்கிறது. ஏறக்குறைய ஒரு தாளின் தடிமன். தொடக்கத்தில் இது பெரிய பலவீனமாகவே கருதப்பட்டது. 2003 ஏப்ரலில் ஜப்பானில் 4,50,000 யென் விலையில் சோனி விற்ற முதல் ப்ளூ-ரே பதிவுக் கருவிக்கான வட்டுகள், கீறல் விழாமல் இருக்க ஒரு பெட்டிக்குள் அடைத்தே வந்தன. பிறகு டிடிகே நிறுவனம் உருவாக்கியது போன்ற கடினமான மேற்பூச்சுகள் வந்த பிறகுதான் பெட்டி தேவையில்லாமல் போயிற்று.

தோஷிபா தரப்பின் வாதம் இந்த இடத்தில்தான் நின்றது. டிவிடி அச்சிடும் ஆலைகளில் சிறிய மாற்றங்களைச் செய்தாலே ஹெச்டி டிவிடியை அச்சிட்டுவிடலாம், ப்ளூ-ரேக்கோ புதிய இயந்திர வரிசையே வேண்டும் என்று அவர்கள் சொன்னது உண்மைதான். டிவிடி விதிமுறைகளை வகுத்த டிவிடி மன்றம் தோஷிபாவும் என்இசியும் முன்வைத்த வடிவத்தை 2003 இறுதியில் ஏற்றுக்கொண்டு ஹெச்டி டிவிடி என்று பெயரிட்டபோது, அது மக்களுக்குப் பழக்கமான பெயரின் இயல்பான தொடர்ச்சியாகவே தோன்றியது. எதிர்த்தரப்பில் சோனி, பானசோனிக், பிலிப்ஸ், பயனியர் உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்கள் 2002 பிப்ரவரி 19 அன்றே ப்ளூ-ரேயை அறிவித்துவிட்டிருந்தன. 2005இல் இரண்டையும் ஒன்றாக்கப் பேச்சுவார்த்தை நடந்தது. 0.6 மில்லிமீட்டரா, 0.1 மில்லிமீட்டரா என்ற கேள்விக்கு நடுவழி எதுவும் இல்லாததால், அந்தப் பேச்சு முறிந்ததில் வியப்பில்லை.

இனி படத்தின் தரம். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. வார்னர் நிறுவனம் தொடக்கத்தில் இரண்டு வடிவங்களிலும் படங்களை வெளியிட்டது. பல படங்களுக்கு விசி-1 முறையில் ஒருமுறை சுருக்கிய அதே காட்சித் தரவை இரண்டு வட்டிலும் பயன்படுத்தியது. அப்படிப்பட்ட படம் ஒன்றை இரண்டிலும் வாங்கி வைத்திருக்கிறேன். இரவு நேரத்தில், தெருவிளக்கின் கீழ் மழை பெய்யும் காட்சி ஒன்று அதில் வருகிறது. இரண்டு பிளேயர்களையும் அதே சட்டகத்தில் நிறுத்தி, ரிமோட்டில் இணைப்பை மாற்றி மாற்றிப் பார்த்தேன். விளக்கொளியில் மழைத்தாரைகள் தனித்தனியாகத் தெரிகின்றன. கறுப்புக் கோட்டின் தோள்பட்டையில் நூலோட்டம் தெரிகிறது. பின்னால் இருட்டுச் சுவரில் படச்சுருளுக்கே உரிய நுண்மணிப் புள்ளிகள் கலையாமல் இருக்கின்றன. எது எந்த வட்டு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவிடம் காட்டியபோது, கண்ணாடியைச் சரிசெய்து கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, “ரெண்டும் ஒண்ணுதானேப்பா, எதுக்கு ரெண்டு பொட்டி?” என்று கேட்டார். அந்த ஆண்டில் எழுதப்பட்ட எத்தனையோ ஒப்பீடுகளுக்கு அந்த ஒரு கேள்வி போதுமான பதில் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஹெச்டி-ஏ3 அதிகபட்சம் 1080i வடிவத்தில், அதாவது வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரு பாதியாகப் பிரித்துத்தான், படத்தை அனுப்பும். பிளேஸ்டேஷன் 3 அதை முழுச் சட்டகங்களாக 1080பி வடிவத்திலேயே அனுப்பும். காகிதத்தில் இது பெரிய வேறுபாடு. நடைமுறையில், பிரித்து அனுப்பப்பட்ட வரிகளைச் சரியாகத் தைக்கத் தெரிந்த தொலைக்காட்சி இருந்தால் திரைப்படங்களில் அது தெரிவதில்லை. முழு 1080பி வேண்டியவர்களுக்குத் தோஷிபாவிடமே ஏ30, ஏ35 என்ற மாடல்கள் இருந்தன. கொள்ளளவின் பயன் தெரிவது நீளமான படங்களில்தான். ப்ளூ-ரே காட்சிக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை ஒதுக்கலாம். ஹெச்டி டிவிடியில் 29.4க்கு மேல் போக முடியாது. மூன்று மணி நேரப் படமும் சுருக்கப்படாத ஒலியும் கூடுதல் காட்சிகளும் ஒரே வட்டில் வேண்டும் என்னும்போது 30 ஜிகாபைட் இறுக்கிப் பிடிக்கும். ஆனால் முதல் ஆண்டில் வெளிவந்த ப்ளூ-ரேக்களில் பலவும் ஒரே அடுக்கு வட்டில், பழைய எம்பெக்-2 சுருக்கத்தில் வந்தவை. பெரிய பாத்திரம் வைத்திருந்தும் அரைப்படி அரிசிதான் வடித்தார்கள் என்றே அவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒலியில் அன்று ஹெச்டி டிவிடியே முன்னால் இருந்தது. இதைப் பலர் மறந்துவிட்டார்கள். டால்பி டிஜிட்டல் ப்ளஸ், தரம் குறையாமல் சுருக்கும் டால்பி ட்ரூஹெச்டி ஆகிய இரண்டு ஒலி வடிவங்களையும் படிக்கும் திறன் ஒவ்வொரு ஹெச்டி டிவிடி பிளேயரிலும் கட்டாயமாக இருக்க வேண்டும் என்று அதன் விதிமுறை சொன்னது. ப்ளூ-ரேயில் அவை விருப்பத் தேர்வுகளே. அதனால் ஒரே படத்தின் ஹெச்டி டிவிடியில் ட்ரூஹெச்டி ஒலியும், ப்ளூ-ரேயில் நொடிக்கு 640 கிலோபிட் டால்பி டிஜிட்டல் மட்டுமே இருப்பதும் அன்று சாதாரணம். நான் மேலே சொன்ன மழைக்காட்சியில் கூரைத் தகரத்தில் துளிகள் விழும் ஓசை ஹெச்டி டிவிடியில் அறையின் பின்பக்கத்திலிருந்து தெளிவாக விலகி வருகிறது. ப்ளூ-ரேயில் அது கொஞ்சம் ஒன்றோடொன்று கலந்து கேட்கிறது. அம்மாவின் தீர்ப்பு இங்கே செல்லாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யாருக்கும் புரியும்.

ப்ளூ-ரே அரைகுறையாக வந்தது என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இனிதான் காரணம் சொல்ல வேண்டும். வலைப்பின்னல் இணைப்பு, படத்தின் மேல் சிறு சதுரத்தில் இன்னொரு காட்சியைக் காட்டுவதற்கான இரண்டாவது காட்சிப் பகுப்பி, சேமிப்பிடம் ஆகிய மூன்றும் ஹெச்டி டிவிடி பிளேயர் ஒவ்வொன்றிலும் முதல் நாளிலிருந்தே கட்டாயம். 2006இல் முதல் கருவியை வாங்கியவரும் 2008இல் கடைசிக் கருவியை வாங்கியவரும் ஒரே வட்டில் ஒரே வசதியைப் பெற்றார்கள். ப்ளூ-ரேயிலோ 1.0, 1.1, 2.0 என்று மூன்று படிநிலைகள். 1.0 கருவிக்கு இரண்டாவது காட்சிப் பகுப்பி தேவையில்லை. 2007 நவம்பருக்குப் பிறகு வரும் புதிய கருவிகளுக்குத்தான் 1.1 கட்டாயமாயிற்று, வலைப்பின்னல் இணைப்பு 2.0இல்தான் வந்தது. 2006 ஜூனில் ஏறத்தாழ 1,000 டாலர் கொடுத்து முதல் ப்ளூ-ரே பிளேயரை வாங்கியவர், ஒன்றரை ஆண்டு கழித்து வந்த வட்டுகளின் கூடுதல் வசதிகளைப் பார்க்க முடியாமல் நின்றார். அதே ஆண்டு ஏப்ரலில் 499 டாலருக்கு ஹெச்டி டிவிடி பிளேயர் வாங்கியவருக்கு அந்த மனக்குறை இல்லை. இதற்கு விதிவிலக்கு பிளேஸ்டேஷன் 3 மட்டும்தான். வலை வழியாகவே தன்னைப் புதுப்பித்துக்கொண்டு 1.0இலிருந்து 2.0 வரை ஏறி வந்தது. நான் தனிப் பிளேயர் வாங்காமல் அதை வாங்கியதற்கும் அதுவே காரணம்.

எங்களைப் போன்றவர்களை மிகவும் உறுத்தியது வேறொன்று. ஹெச்டி டிவிடிக்கு மண்டலப் பூட்டு கிடையாது. உலகின் எந்த மூலையில் வாங்கினாலும் எந்த மூலையிலும் ஓடும். ப்ளூ-ரே உலகத்தை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தது. அமெரிக்காவும் கனடாவும் ஏ. சிங்கப்பூரும் மலேசியாவும் அதே ஏ. லண்டனும் பாரிஸும் ஆஸ்திரேலியாவும் பி. இந்தியாவும் இலங்கையும் சி. தமிழர்கள் வாழும் நாடுகளை ஒரு தாளில் எழுதி இந்த மூன்று எழுத்துகளைப் பக்கத்தில் குறித்துப் பார்த்தால், ஒரே குடும்பத்தின் அண்ணன் தம்பிகளுக்கு நடுவிலேயே கோடு விழுவது தெரியும். எல்லா ஸ்டூடியோக்களும் பூட்டைப் பயன்படுத்தவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பூட்டில்லாத ப்ளூ-ரேக்கள் ஏராளம். ஆனால் எதில் பூட்டு இருக்கிறது என்பதை வாங்குபவன்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

திருச்சியில் இருக்கும் அக்கா வீட்டுக்காரர் புது ப்ளூ-ரே பிளேயர் வாங்கியதைக் கேள்விப்பட்டு, ஊருக்குப் போன நண்பரிடம் இரண்டு வட்டுகளைக் கொடுத்தனுப்பினேன். இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். “மாப்பிள்ளை, ஒண்ணு நல்லா ஓடுது. இன்னொண்ணப் போட்டா ஏரியா தப்புன்னு எழுதிட்டு வெளிய தள்ளுது. நான்தான் ஏதாவது தப்பாப் போடுறேனா?” என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லச் சங்கடமாக இருந்தது. “இல்லத்தான், உங்க மேல தப்பில்ல, டிஸ்க்ல பூட்டு இருக்கு” என்றேன். காசு கொடுத்து, கடல் கடந்து, சட்டப்படி வாங்கிய ஒரு பொருள் நம் ஆட்கள் வீட்டில் திறக்க மறுத்தது என்பதை இந்த மதிப்பீட்டில் ப்ளூ-ரேக்கு எதிராக அழுத்தமாகவே குறிக்கிறேன். 2016இல் வந்த 4கே அல்ட்ரா ஹெச்டி ப்ளூ-ரே வட்டுகளில் மண்டலப் பூட்டைக் கைவிட்டார்கள். பத்து ஆண்டுகள் கழித்தாவது ஹெச்டி டிவிடியின் வழிக்கு வந்தது நல்லதே.

இவ்வளவு நிறைவான பொருள் ஏன் தோற்றது? வட்டுக்குள் படம் இருக்க வேண்டும் என்ற எளிய காரணம்தான். யுனிவர்சல் ஹெச்டி டிவிடி பக்கம் மட்டும் நின்றது. சோனி, டிஸ்னி, ஃபாக்ஸ் மூன்றும் ப்ளூ-ரே பக்கம் நின்றன. வார்னரும் பாரமவுண்டும் இரண்டு பக்கமும் விற்றன. 2007 ஆகஸ்டில் பாரமவுண்டும் ட்ரீம்வொர்க்ஸ் அனிமேஷனும் ஹெச்டி டிவிடிக்கு மட்டும் என்று மாறின. அதற்கு ஊக்கத்தொகையாக 150 மில்லியன் டாலர் அளவுக்குப் பேசப்பட்டது என்று அப்போது செய்திகள் வந்தன. நவம்பர் 2 அன்று வால்மார்ட் தோஷிபாவின் ஏ2 பிளேயரை 98.87 டாலருக்கு விற்றது; அதே நாளில்தான் 40 ஜிகாபைட் பிளேஸ்டேஷன் 3 அமெரிக்காவில் 399 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. கடை ஒன்றில் அந்த வாரம் நான் பார்த்த காட்சி நினைவில் இருக்கிறது: ஒரு பக்கம் சிவப்புப் பெட்டிகளின் வரிசை, மறுபக்கம் நீலப் பெட்டிகளின் வரிசை, நடுவில் தள்ளுவண்டியோடு நின்ற ஒரு தம்பதி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடைசியில் சாதாரண டிவிடி ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்கள். இந்தப் போட்டியில் இரண்டு தரப்பும் சேர்ந்து இழந்த வாடிக்கையாளர்கள் அவர்கள்தான்.

2008 ஜனவரி 4 அன்று வார்னர் ப்ளூ-ரேக்கு மட்டும் என்று அறிவித்தது. லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சிக்குச் சில நாள்களே இருந்த நிலையில், ஹெச்டி டிவிடி தரப்பு தன் செய்தியாளர் சந்திப்பை ரத்து செய்தது. பிப்ரவரி 11 அன்று, அப்போது வட்டுகளை வாடகைக்கு விட்டுவந்த நெட்ஃப்ளிக்ஸும் மின்னணுக் கடைத் தொடரான பெஸ்ட் பையும் ஒரே நாளில் ப்ளூ-ரேயைத் தேர்ந்தெடுத்தன; நான்கு நாள் கழித்து வால்மார்ட் அதே முடிவுக்கு வந்தது. பிப்ரவரி 19 அன்று தோஷிபாவின் தலைவர் அட்சுதோஷி நிஷிடா டோக்கியோவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தார். ப்ளூ-ரே அறிவிக்கப்பட்டு அன்றோடு சரியாக ஆறு ஆண்டுகள். ஒவ்வொரு பிளேஸ்டேஷன் 3-க்குள்ளும் ஒரு ப்ளூ-ரே பிளேயர் ஒளிந்திருந்தது. போட்டி விளையாட்டுக் கருவியான எக்ஸ்பாக்ஸ் 360-க்கோ ஹெச்டி டிவிடி இயக்கியைத் தனியாக 199 டாலர் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. வீடுகளுக்குள் எது தானாக நுழைந்தது என்பதில் இருந்த இந்த வேறுபாட்டை, எவ்வளவு விலைக்குறைப்பு செய்தும் தோஷிபாவால் ஈடுகட்ட முடியவில்லை.

ஹெச்டி டிவிடி தோற்ற பிறகு, அதை ஏற்கெனவே வாங்கியவர்களை எப்படி நடத்தினார்கள் என்பதும் சேவையின் ஒரு பகுதிதான். பெஸ்ட் பை தன்னிடம் ஹெச்டி டிவிடி பிளேயர் வாங்கியவர்களுக்கு 50 டாலர் பரிசு அட்டை கொடுத்தது. வார்னர் பிறகு தன் ஹெச்டி டிவிடிகளை 4.95 டாலர் கட்டணத்துக்கு ப்ளூ-ரேயாக மாற்றித் தந்தது. இரண்டுமே கண்ணியமான செயல்கள் என்று மனமாரச் சொல்கிறேன்.

இனி காலம் செய்த சோதனைக்கு வருகிறேன். என்னிடம் 41 ஹெச்டி டிவிடிகள் இருந்தன. தயாரிப்பு நின்ற பிறகு கழிவு விலையில் வாங்கியவையே பாதிக்கு மேல். ஐந்தாறு ஆண்டுகள் எல்லாம் ஒழுங்காக ஓடின. பிறகு ஒருநாள் ஒரு வட்டு நடுவில் நின்றது. துடைத்துப் போட்டேன், அதே நிமிடத்தில் நின்றது. அடுத்த ஆண்டில் இன்னும் மூன்று. வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது, கீறல் ஒன்றுகூட இல்லாத பரப்புக்கு அடியில், வெளி விளிம்பை ஒட்டி, பழைய கண்ணாடியின் ரசம் போனது போல மங்கலான திட்டுகள் தெரிந்தன. இரண்டு தகடுகளை ஒட்டிய இடத்துக்குள் இருக்கும் பிரதிபலிப்புப் படலம் கெட்டுப்போயிருந்தது. படம் முக்கால்வாசி ஓடி, கதை முடிச்சு அவிழும் நேரத்தில் உறைந்து நிற்கிறது. இதுவரை 13 வட்டுகள் இப்படிப் போய்விட்டன. இரண்டைத் தவிர எல்லாம் ஒரே ஸ்டூடியோவின் வெளியீடுகள். மற்ற ஸ்டூடியோக்களின் வட்டுகள் இன்றும் முதல் நாள் போலவே ஓடுகின்றன. ஆகவே வடிவத்தையே குற்றம் சொல்ல மாட்டேன். அச்சிட்ட கைதான் குற்றவாளி என்று படுகிறது. ஆனால் வாங்குபவனுக்கு அந்த வேறுபாடு ஆறுதல் தருவதில்லை, ஏனென்றால் மாற்றித் தர இன்று யாரும் இல்லை.

ப்ளூ-ரேயில் எனக்கு இதுவரை ஒரு வட்டுகூடக் கெடவில்லை. 0.1 மில்லிமீட்டர் படலத்தைப் பற்றி இருந்த அச்சமெல்லாம் அந்தக் கடினமான மேற்பூச்சினால் பொய்யாகிவிட்டது. எங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் இரவல் கொடுக்கும் வட்டுகளை எடுத்துப் பாருங்கள். டிவிடிகளின் அடிப்பக்கம் மாட்டுவண்டி போன தடம் போலக் கீறிக் கிடக்கும். பல பேர் கைமாறிய ப்ளூ-ரே, கைரேகையைத் துடைத்தால் பளிச்சென்று இருக்கும். என் மகள் நான்கு வயதில் ஒரு ப்ளூ-ரேயைத் தரையில் வைத்துச் சறுக்கி விளையாடியிருக்கிறாள். அது இன்றும் ஓடுகிறது. தொடக்கத்தில் எதைப் பலவீனம் என்று நினைத்தேனோ அதுவே பலமாகியிருக்கிறது. டிவிடியோடு ஒட்டி நின்றதால் பாதுகாப்பு என்று நம்பிய வட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு என் கையைவிட்டுப் போய்விட்டது.

இன்று வாங்க நினைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியவை சில உண்டு. புதிய பிளேயர் என்றால் 4கே அல்ட்ரா ஹெச்டி ப்ளூ-ரே பிளேயரையே வாங்குங்கள். அது பழைய ப்ளூ-ரே, டிவிடி எல்லாவற்றையும் படிக்கும். ஆனால் ப்ளூ-ரேயின் மண்டலப் பூட்டு அதிலும் பழைய வட்டுகளுக்கு இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். வாங்குவதைத் தள்ளிப் போடவும் வேண்டாம்: ஒப்போ 2018இல் பிளேயர் தயாரிப்பிலிருந்து விலகியது, சாம்சங் 2019இல் அமெரிக்காவில் விலகியது, எல்ஜியும் பின்னர் நிறுத்திவிட்டது. 2008 பிப்ரவரி 11 அன்று ப்ளூ-ரேயைத் தேர்ந்தெடுத்த அந்த இரண்டு நிறுவனங்களில் நெட்ஃப்ளிக்ஸ் 2023 செப்டம்பரில் வட்டு வாடகையை முடித்துக்கொண்டது. பெஸ்ட் பை 2024இல் பட வட்டுகள் விற்பதையே விட்டுவிட்டது.

ஹெச்டி டிவிடியைப் புதிதாகத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே வட்டுகள் வைத்திருந்து பிளேயர் பழுதானவர்கள், பழைய பொருள் விற்பனையில் தோஷிபா பிளேயரையோ, யூஎஸ்பி வழியாகக் கணினியிலும் இணைக்கக்கூடிய எக்ஸ்பாக்ஸ் 360-இன் துணை இயக்கியையோ, இரண்டு வடிவத்தையும் படிக்கும் எல்ஜியின் பழைய கணினி இயக்கிகளையோ தேடலாம். பழைய வட்டு ஒன்றை வாங்கும் முன் விற்பவரிடம் கேட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து அல்ல, வெளி விளிம்பிலிருந்து தொடங்குங்கள். வாங்கியதும் முதலில் படத்தின் கடைசி இருபது நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள்.

அந்த மழைக்காட்சிப் படத்தின் ஹெச்டி டிவிடியைச் சென்ற மாதம் இப்படித்தான் சோதித்தேன். விளிம்பில் திட்டு எதுவும் தென்படவில்லை. கடைசிக் காட்சி வரை தடங்கலின்றி ஓடியது. தகரக் கூரையில் துளிகள் இன்னும் பின்பக்கத்திலிருந்தே விழுகின்றன.